மழை மாதங்களில் வீட்டுக் கணக்கும் தசமபாகமும்

காரைக்குடி இல்லத்தரசி கேட்டது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். என் கணவர் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார். மாதச் சம்பளம் கிடையாது; கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணம் ஊற்றி எடுக்கும் கற்களின் எண்ணிக்கைக்கே கூலி. வெயில் காயும் மாதங்களில் அவருடைய கூலியும் நான் ரவிக்கை தைத்து ஈட்டுவதும் சேர்ந்து ஏறத்தாழ 22,000 ரூபாய் வரும். அக்டோபரில் மழை பிடித்துவிட்டால் கல் காயாது. அந்த மூன்று மாதங்களில் மாதத்துக்கு 11,000 தேறுவதே பெரிது. அதன் முடிவில்தான் கிறிஸ்துமஸும் வந்து நிற்கிறது.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் கோடு போட்டுச் செலவை எழுதுகிறேன். இருபதாம் தேதிக்குள் அது பொய்த்துப்போகிறது. போன நவம்பரில், கணவர் பார்த்துவிடக் கூடாதென்று அந்தத் தாளையே கிழித்து அடுப்பில் போட்டேன். பள்ளிக் கட்டணத்துக்காக மூன்று வட்டிக்கு வாங்கிய 20,000 ரூபாய் அதில் எழுதியிருந்தது. அந்தக் கடன் அவருக்கு இன்னும் தெரியாது. நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் வாசித்துவிட்டு, இப்படி நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பது அவிசுவாசமா? வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகமும் நான்கு மாதங்களாக நின்றுபோயிருக்கிறது.

தேவகோட்டை ஓய்வுபெற்ற கணக்கர் எழுதியது:

சகோதரி, கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் அன்று. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று லூக்கா 14:28-இல் ஆண்டவரே கேட்கிறார். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தேவன் அன்றாடம் கொடுத்த மன்னா என்ற உணவை மறுநாளுக்கென்று வைத்தபோது அது புழுத்தது. ஆனால் ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்து ஓய்வுநாளுக்கு வைத்தது கெடவில்லை. கிடைக்காது என்று தெரிந்த நாளுக்காக எடுத்துவைப்பதும் பயந்துபோய்ப் பதுக்குவதும் ஒன்றல்ல என்றே நான் அதைப் படிக்கிறேன்.

உங்கள் கணக்கு பொய்த்துப்போவதற்குக் காரணம், மாதத்துக்கு மாதம் மாறும் வருமானத்தை மாதக் கணக்கில் அடைக்கப் பார்ப்பதுதான். என் தகப்பனார் செட்டியார் வீடொன்றில் கணக்கெழுதியவர். அன்றாடம் வரவு செலவைச் சிட்டையில் எழுதி, அதைத் தலைப்பு வாரியாகப் பேரேட்டில் ஏற்றி, பிறகு சொத்தையும் கடனையும் சேர்த்துக் காட்டும் ஐந்தொகை போட்டுப் பார்த்தால்தான் வீட்டின் உண்மையான நிலை தெரியும் என்பார். ஒரு நாள் சிட்டையைப் பார்த்துவிட்டு யாரும் மகிழ்ந்ததுமில்லை, அழுததுமில்லை. நீங்களும் ஆண்டு முழுவதையும் போட்டுப் பாருங்கள். ஒன்பது மாதங்களுக்கு 1,98,000, மூன்று மாதங்களுக்கு 33,000, ஆக 2,31,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் 19,250. எல்லா மாதமும் 19,000-க்குள் குடும்பம் நடத்தினால், வெயில் மாதங்களில் மாதம் 3,000 வீதம் 27,000 மிஞ்சும்; மழை மாதங்களில் விழும் பள்ளம் 24,000. கிறிஸ்துமஸ் துணிமணிக்கு 3,000 இருக்கும். அதற்குமேல் வேண்டுமென்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. வெயில் மாதங்களில் மாதாமாதம் மிஞ்சும் 3,000-ஐ வீட்டு அலமாரியில் வைக்காதீர்கள். அஞ்சலகக் கணக்கில் போடுங்கள். அலமாரிப் பணத்துக்கு மொய் எழுதும் குணம் உண்டு.

திருப்பத்தூர்ச் சகோதரர் எழுதியது:

கணக்கெல்லாம் சரிதான், ஆனால் தசமபாகம் முதலாவது. தசமபாகங்களையெல்லாம் கொண்டுவாருங்கள் என்று சொல்லும் மல்கியா 3:10-ஐ வாசியுங்கள். இந்தச் சீமையில் வணிகர்கள்கூடக் கோவிலுக்கும் தர்மத்துக்கும் மகமை என்று ஒரு பங்கை எடுத்துவைத்தார்கள். நாம் அவர்களுக்குப் பின்தங்கலாமா?

செக்காலை சகோதரி எழுதியது:

மகமையை வரவைப் பார்த்துத்தானே எடுத்தார்கள், அண்ணா? பவுலும் 1 கொரிந்தியர் 16:2-இல் அவரவர் வரவுக்குத் தக்கபடி வாரத்தின் முதல்நாளில் எடுத்துவைக்கத்தான் சொல்கிறார். வெயில் மாதத்தில் 2,200 என்றால் மழை மாதத்தில் 1,100. அது குறைந்தது பாவமல்ல, மழை.

தங்கைக்கு நான் சொல்ல நினைப்பது வேறு. மூன்று வட்டி என்றால் மாதம் 600 ரூபாய், ஆண்டுக்கு 7,200. முதல் அப்படியே இருக்கும். வீட்டில் ஒரு சங்கிலியாவது இருந்தால் கூட்டுறவு வங்கியில் வைத்து அந்தக் கடனை அடைத்துவிடுங்கள். அங்கே வட்டி ஒரு ரூபாயை ஒட்டித்தான் இருக்கும். அதைவிட முன்னால் செய்ய வேண்டியது, அவரிடம் சொல்வது. இருபதாம் தேதியில், கை வெறுமையாக இருக்கும்போது வேண்டாம். கூலி வாங்கிவரும் சனிக்கிழமை, சாப்பிட்டு முடித்த பிறகு, ஜெபம் பண்ணிவிட்டுச் சொல்லுங்கள். நானும் ஒரு சீட்டுக் கடனை இரண்டு ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தேன். கடனைவிட, வாசலில் யார் கூப்பிட்டாலும் நெஞ்சு அடித்துக்கொண்டதுதான் என்னை வாட்டியது.

காரைக்குடி இல்லத்தரசி மீண்டும் எழுதியது:

சனிக்கிழமை இரவு சொல்லிவிட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்துபோய், பட்டறையில் தாம் 5,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருப்பதாகவும் அதை என்னிடம் சொல்லத் துணிவில்லாமல் இருந்ததாகவும் திண்ணையில் நின்றுகொண்டே சொன்னார். இரண்டையும் ஒரே தாளில் அவர் கையாலேயே எழுதினார். திங்கட்கிழமை சங்கிலியை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறோம். இந்த ஞாயிறு காணிக்கை உறையில் 300 ரூபாய் வைத்தோம்.

ஒரு சிறு ஐயம், கணக்கர் ஐயா. தையல் கூலியில் நூலுக்கும் லைனிங் துணிக்கும் போன பணத்தைக் கழித்துவிட்டுத் தசமபாகம் பார்ப்பதா, கழிக்காமலா?

தேவகோட்டை ஓய்வுபெற்ற கணக்கர் எழுதியது:

கழித்துவிட்டே பாருங்கள், அம்மா. நூலும் துணியும் போட்ட முதல், அது வரவாகாது. ஊசி உடைந்தாலும் அதையும் செலவில் எழுதுங்கள்.