வத்தைப் பலகையில் செய்த மீன் சிற்பம்: உப்பு பூக்கிறது, துரு வழிகிறது, என்ன செய்யலாம்?

மண்டபம் மலர்:
தாத்தா மீன்பிடித் தொழில் செய்த வத்தையை, அதாவது மரப்படகை, போன வருடம் உடைத்தார்கள். விறகுக்கு விலை பேசி முடித்துவிட்டார்கள். நான் அடம்பிடித்து நாலு பலகையை மட்டும் நிறுத்திக்கொண்டேன். அதோடு காயலாங்கடையில் பொறுக்கிய மிதவைகள், அரிக்கேன் விளக்கின் மூடி, ஈயக்குண்டு எல்லாம் சேர்த்து ஒரு மீன் செய்து கூடத்தில் மாட்டினேன். இப்போது பலகையில் வெள்ளையாகப் பொடி பூக்கிறது. ஆணியிலிருந்து துரு வழிந்து சுவரெல்லாம் கறை. கழற்றித் தூரப் போடு என்கிறார் அம்மா. எனாமல் பெயின்ட் அடித்தால் நிற்குமா?

இன்னொன்று. வேதாளை கரையில் ஒரு கடல் விசிறி (விசிறி மாதிரி விரிந்த பவள இனம்) ஒதுங்கிக் கிடக்கிறது. வாலுக்கு அதை வைக்கலாமா?

கீழக்கரை காக்கா:
படகுத் தச்சுதான் எனக்குப் பிழைப்பு, அதனால் சொல்கிறேன். பெயின்ட் வேண்டாம் தங்கச்சி. மரத்துக்குள் உப்பு இருக்கும்வரை மேலே எதை அடித்தாலும் கொப்புளித்து உரியும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம் ஆணியை அரிக்கும்.

எல்லாவற்றையும் கழற்றுங்கள். பலகையை ஊறவைக்க நம்ம பக்கத்து போர் தண்ணீர் உதவாது, பல இடத்தில் அதுவே உப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டைமாடியில் போட்டு, அவ்வப்போது புரட்டிவிடுங்கள். அப்புறம் நிழலில் காயவையுங்கள், வெயிலில் போட்டால் வெடிக்கும். காய்ந்த பிறகும் பொடி பூத்தால் இன்னொரு மழைக்குப் போட வேண்டியதுதான்.

ஆணி செம்பா இரும்பா என்று பாருங்கள். செம்பு என்றால் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், அந்தப் பச்சைக் களிம்புதான் அழகு. இரும்பு என்றால் உதிரும் துருவைக் கம்பி பிரஷால் தட்டிவிட்டு, கடுக்காயை இடித்துக் கொதிக்கவைத்த கஷாயத்தை ஆறவைத்து, சின்னத் தூரிகையால் ஆணித்தலையில் மட்டும் தடவுங்கள். கடுக்காயின் துவர்ப்பு துருவோடு சேர்ந்து நீலக்கறுப்பாக இறுகும். மரத்தில் சொட்டக்கூடாது. துருக்கறை உள்ள இடத்தில் பட்டால் மை கொட்டியதுபோல் கறுத்துவிடும், பிறகு போகாது.

கடலுக்குப் போகும் படகென்றால் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசச் சொல்வேன். கூடத்துக்கு அது ஆகாது, கையில் பட்டால் தோலையே புண்ணாக்கும். ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகத் தேய்த்தால் போதும். அந்தத் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள்.

கடல்புழு துளைத்த ஓட்டையும் பலகை இடுக்கில் பஞ்சும் குங்கிலியமும் அடைத்த தடமும் தெரியட்டும். அதை மூடிவிட்டால் மரக்கடைப் பலகையே போதுமே.

பாம்பன் டீச்சர்:
மலர், அந்தக் கடல் விசிறியைத் தொடாதீர்கள். பவளப்பாறையும் கடல் விசிறியும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. செத்து ஒதுங்கியதை எடுத்து வைத்திருந்தாலும் குற்றம்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதில் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டி இப்போது தண்ணீருக்கடியில். அந்தக் காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியது அதற்கு முக்கியக் காரணம்.

வாலுக்கு அறுந்த நைலான் வலையையே கம்பியில் இழுத்துக் கட்டுங்கள். 1942-இல் பிக்காசோ சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத்தலை செய்தார். பார்த்தால் காளையும் தெரியும், சைக்கிளும் தெரியும். கடல் விசிறி ஏற்கெனவே வால் மாதிரிதான் இருக்கிறது, அதை வைப்பதில் உங்கள் கைவேலை என்ன?

காக்கா சொன்னதில் ஒன்று மட்டும் ஒப்பவில்லை. படகென்றாலே பெயின்ட்தானே? பாம்பனில் நிற்கும் படகுகளைப் பாருங்கள், எத்தனை நிறம்! உப்பு போன பிறகு அடித்தால் என்ன?

மண்டபம் மலர்:
டீச்சர், சரி, விசிறி வேண்டாம். காக்கா, பலகையில் ஏற்கெனவே பழைய பெயின்ட் இருக்கிறது. மேலே பச்சை, உரிந்த இடத்தில் நீலம், அதற்கும் அடியில் காவி. உப்புத்தாள் போட்டு மூன்றும் தெரியும்படி தேய்க்கலாமா?

கீழக்கரை காக்கா:
காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், தூசு மூச்சில் போகும். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, சேற்றைத் துணியில் வழித்தெடுங்கள். வாசலில் வைத்துச் செய்யுங்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். ஈயக்குண்டையும் அவர்கள் கை எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

டீச்சருக்கு: அவர் தாத்தா அடித்த பெயின்டே மூன்று நிறம் இருக்கும்போது நான்காவது எதற்கு?