வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்: கோலின், இனாசிட்டால் வகையறா

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஆய்வக விலங்குகளின் தீவனம் பற்றிய பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கடைசி இயலை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். வைட்டமினுக்கு 'உயிர்ச்சத்து' என்று இதுவரை ஓட்டிவிட்டேன். இப்போது 'வைட்டமின் லைக் காம்பவுண்ட்ஸ்', அதாவது வைட்டமினைப் போல வேலை செய்தும் வைட்டமின் பட்டியலில் சேராத பொருள்கள், வந்து வழிமறிக்கிறது. கோலின், இனாசிட்டால், கார்னிட்டின் எல்லாம் இதில் வரும். 'உயிர்ச்சத்துப் போலிகள்' என்று எழுதினேன். பக்கம் வடிவமைக்கும் தம்பி, "அண்ணே, டூப்ளிகேட் மாத்திரை பத்தியா இந்தப் பாடம்?" என்கிறான். வேறு சொல் உண்டா?

*

> வேறு சொல் உண்டா?

எதற்கு? ஓர் எழுத்து நின்ற இடத்தில் இன்னோர் எழுத்து நின்றும் பொருள் மாறாவிட்டால் அது போலி. நிலம் 'நிலன்' ஆகிவிட்டால் பட்டா செல்லாதா? தம்பிக்குப் புரியவில்லை என்று இலக்கணத்தைத் தள்ளிவைக்க முடியாது. போலி கசந்தால் நன்னூல் உவம உருபுகளை வரிசையாகத் தருகிறது: புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, ஏய்ப்ப, நிகர, அன்ன. எனக்குப் பிடித்தது புரை. 'உயிர்ச்சத்துப்புரை.' சொல்லிப் பாருங்கள், நாக்கில் எப்படி நிற்கிறது!

*

புலவர் ஐயா, கண்ணில் வந்தால் கண்புரை, புண்ணில் ஓடினால் புரையோடிய புண். எலிக்குப் புரை என்றால் என் மாணவர்கள் கத்தியைத் தேடுவார்கள். கடுப்ப எடுத்தால் நீர்க்கடுப்பு, ஏய்ப்ப எடுத்தால் வரி ஏய்ப்பு.

உங்கள் இலக்கணப்படியே பார்த்தாலும் போலி பொருந்தாது. தயமின் (வைட்டமின் பி1) இருக்க வேண்டிய இடத்தில் கோலினை வைத்தால் கோழியின் நரம்பு நோய் தீராது. பொருள் மாறிவிடுகிறதே!

இந்தப் பொருள்களின் குணமே வேறு. 1930களில் டொரன்டோவில் சார்லஸ் பெஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் கணையம் நீக்கிய நாய்களையும் எலிகளையும் வைத்துத்தான் கோலினின் வேலையைப் பிடித்தார்கள். கோலினும், மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும் குறைந்த தீவனத்தில் வளர்ந்த எலியை அறுத்தால் ஈரல் வெளிறிய மஞ்சளாக, விளிம்பு மழுங்கி உப்பியிருக்கும். கத்தியில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். குட்டி எலிகளுக்குச் சிறுநீரகத்தில் ரத்தம் கசியும். அதே தீவனத்தில் மெத்தியோனினைக் கூட்டினால் எலி தன் கோலினைத் தானே செய்துகொள்ளும். வேண்டும், ஆனால் எப்போதும் வெளியிலிருந்து வேண்டும் என்பதில்லை. கார்னிட்டினும் அப்படித்தான். மாவுப்புழுவுக்கு அது வைட்டமின். 'வைட்டமின் பி-டி' என்று பெயரே வைத்தார்கள், டெனிப்ரியோ (Tenebrio) என்ற அந்தப் புழுவின் ஆங்கில முதலெழுத்தை ஒட்டி. நாம் அதை உடம்பிலேயே செய்துகொள்கிறோம்.

*

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். எங்கட பாடநூல்களில் விற்றமின், காம்பவுண்டுக்குச் சேர்வை. 'விற்றமின் ஒத்த சேர்வைகள்' என்றால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

*

ஒத்த என்றால் சேர்த்து எழுதுங்கள். உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும். உயிர்ச்சத்தொத்த. அப்புறம், 'சத்து' வடசொல் என்பதை யாருமே கவனிக்கவில்லையா?

*

'உயிர்ச்சத்தொத்த சேர்மம்' என்று வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பின்வரிசையில் ஒருவன் தும்மினேனா என்று கேட்டான்.

டாக்டரம்மா கோலின் பற்றிச் சொன்னதை வைத்து, தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று. முதலெழுத்து, சார்பெழுத்து இரண்டும் எல்லோருக்கும் தெரியும். 'பசு'வில் உகரம் முழு மாத்திரை, 'பாக்கு'வில் அரை; அரையாகக் குறைந்தால் அது சார்பெழுத்து. எழுத்து ஒன்றுதான், இடம்தான் வேறு. கோலினும் இடம் பார்த்துத்தானே உயிர்ச்சத்தாகிறது? 'சார்புச்சத்து' என்போம்.

*

அழகான சொல். இரவு முழுக்க யோசித்தேன், ஒரு சிக்கல். 1907இல் ஹோல்ஸ்ட்டும் ஃப்ரோலிக்கும் நார்வேயில் பெரிபெரியை (தயமின் குறைந்தால் வரும் நோய்) தேடிக் கினி எலிகளுக்கு வெறும் தானியம் போட, வந்ததோ ஸ்கர்வி, வைட்டமின் சி குறைந்தால் வரும் நோய். வெள்ளெலியைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஒன்றும் வந்திருக்காது. அது வைட்டமின் சியைத் தானே செய்யும். அப்படியானால் சியும் சார்புச்சத்துதான். வெயிலில் தோல் செய்கிற வைட்டமின் டியும், டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடம்பு செய்கிற நியாசின் என்ற வைட்டமினும் அப்படியே. முதலெழுத்தென்று எதுவுமே மிஞ்சாதே!

*

இடையில் ஒரு கேள்வி. கினி எலியா, கினிப்பன்றியா? அது பன்றியும் இல்லை, கினியிலிருந்து வந்ததும் இல்லை, தென்னமெரிக்கப் பிராணி. எங்கள் ஊரில் சீமைப் பெருச்சாளி என்பார்கள்.

*

அதற்குத் தனி இழை தொடங்குங்கள், புண்ணியமாகப் போகும். வைட்டமின் என்ற பெயரே தப்பு. எல்லாமே அமீன் (நைட்ரஜன் கொண்ட ஒரு சேர்ம வகை) என்று நினைத்து 'vitamine' என்று ஃபங்க் என்ற ஆய்வாளர் 1912இல் வைத்தார்; அப்படி இல்லை என்று தெரிந்ததும் 1920இல் டிரம்மண்ட் என்ற இன்னோர் ஆய்வாளர் கடைசி 'e' எழுத்தை மட்டும் வெட்டிவிட்டார். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

*

நண்பர்களே, நன்றி. இயலை இன்று காலை அனுப்பிவிட்டேன். 'உயிர்ச்சத்து ஒத்த சேர்மங்கள்' என்று பிரித்தே எழுதினேன், புலவர் ஐயா மன்னிக்க. அட்டவணைத் தலைப்பில் அவ்வளவு நீளம் பிடிக்கவில்லை. அங்கே மட்டும் 'சார்புச்சத்து' போட்டு, அடியில் ஒரு வரி விளக்கம். தம்பி எதுவும் கேட்கவில்லை.

*

பிரித்து எழுதியது பிழை. 'மான' என்ற உருபை யாருமே பரிசீலிக்கவில்லை. ஞாயிறன்று விரிவாக எழுதுகிறேன்.