வீட்டிலிருந்து ரப்பர் ஷெட்டுக்கு 12 வோல்ட் லைன்: வெளிச்சம் மங்குது, ஃபியூஸ் ஹோல்டர் உருகுது

குலசேகரம்_தோட்டம்:

வணக்கம். வீட்டுத் திண்ணையில் 12 வோல்ட் 100 ஏஎச் டியூபுலர் பேட்டரி இரண்டு, பாரலலாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இருக்கிறது. கூரையில் 36 செல் உள்ள 100 வாட் பேனல் இரண்டு, அதுவும் பாரலல்தான். பேனலிலிருந்து பேட்டரிக்கு சார்ஜைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் 20 ஆம்பியர், பிடபிள்யூஎம் வகை, மேலே 12/24 என்று போட்டிருக்கிறது. அங்கிருந்து 30 மீட்டர் தள்ளி, ஷீட் அடிக்கிற ஷெட்டுக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் ட்வின் ஒயரை மரத்துக்கு மரம் கட்டி இழுத்திருக்கிறேன். ஷெட்டில் 5 வாட் எல்இடி பல்பு 6, 25 வாட் டிசி ஃபேன் 1, போன் சார்ஜர் 1. விடியுமுன்னே பால் வெட்டப் போகிறவர்களுக்கு இந்த வெளிச்சம்தான்.

எல்லாவற்றையும் போட்டால் பேட்டரியில் 12.4 வோல்ட், ஷெட்டில் 9.1 வோல்ட். ஃபேன் முக்கி முக்கிச் சுற்றுகிறது. பேட்டரி பிளஸ்ஸில் 10 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் போட்டிருக்கிறேன். ஃபியூஸ் போகவே இல்லை, ஆனால் அதன் பிளாஸ்டிக் ஹோல்டர் உருகி வளைந்துவிட்டது. எந்த சைஸ் ஒயர் மாற்றவேண்டும்? ஷெட்டில் தரை எப்போதும் ஈரம், 12 வோல்ட் என்பதால் பயமில்லை என்கிறார்கள், சரியா? சுவிட்ச், பிளக் எல்லாம் வீட்டுக்குப் போடுகிற சாதாரண 6 ஆம்பியர் சுவிட்ச், 5 ஆம்பியர் மூன்று பின் சாக்கெட். அது போதுமா?

தக்கலை_சோலார்:

முதலில் ஒயர் கணக்கு. போக 30, வர 30, மொத்தம் 60 மீட்டர். 1.5 ஸ்கொயர் ஃப்ளெக்ஸிபிள் காப்பர் கிலோமீட்டருக்கு 13.3 ஓம். 60 மீட்டருக்கு 0.8 ஓம். உங்கள் லோடு 60 வாட், 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். 5 பெருக்கல் 0.8, நான்கு வோல்ட் வழியிலேயே போய்விடும். வோல்ட் குறையும்போது ஃபேனும் குறைவாக இழுப்பதால் நீங்கள் பார்த்தது 3.3. கணக்கு ஒத்துப்போகிறது, பேட்டரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

12 வோல்ட்டிலேயே இருக்கவேண்டும் என்றால் 4 ஸ்கொயர் போட்டாலும் 1.5 வோல்ட் போகும். 10 ஸ்கொயர் போட்டால்தான் 0.6 வோல்ட்டுக்குள் அடங்கும். 60 மீட்டர் 10 ஸ்கொயர் காப்பர் வாங்குவதற்கு பதில் 24 வோல்ட்டுக்கு மாறிவிடுங்கள் என்பேன். வோல்ட் இரண்டு மடங்கானால் கரண்ட் பாதி. டிராப் (வழியில் இழக்கும் வோல்ட்) பாதி, இருக்கிற வோல்ட்டில் அதன் பங்கு கால்வாசி. உங்களிடம் இரண்டு பேட்டரி, இரண்டு பேனல், 12/24 கண்ட்ரோலர் எல்லாமே இருக்கிறது, பேட்டரியையும் பேனலையும் சீரிஸில் (ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸுக்கு) போட்டால் போதும். ஷெட்டில் ஒரு 24-லிருந்து 12 ஆக்கும் பக் கன்வெர்ட்டர், 10 ஆம்பியர், இன்புட் 40 வோல்ட் வரை தாங்குவது வைத்தால் பழைய பல்பும் ஃபேனும் அப்படியே ஓடும். கன்வெர்ட்டர் இழப்பும் சேர்த்து லைனில் 3 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். அதே 1.5 ஸ்கொயரில் டிராப் 2.3 வோல்ட். ஷெட்டுக்கு 22 வோல்ட் வந்தாலும் கன்வெர்ட்டர் 12-ஐ அசையாமல் கொடுக்கும். ஒயரை மாற்றவே வேண்டாம். இன்னொரு லாபமும் உண்டு. பகலில் சார்ஜ் ஏறும்போது 12 வோல்ட் பேட்டரி 14.4 வரை போகும், மலிவான எல்இடி அதில்தான் சூடேறிச் சாகும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் அந்தத் தொல்லை இல்லை.

மாற்றும்போது வரிசை முக்கியம். முதல் நாளே இரண்டு பேட்டரியையும் முழு சார்ஜ் ஏற்றி, அரை நாள் சும்மா விட்டு வோல்ட் பாருங்கள். இரண்டும் 12.7 பக்கத்தில் நிற்கவேண்டும். ஒன்று 12.3, ஒன்று 12.7 என்றால் சீரிஸில் போடாதீர்கள், பலவீனமானது சீக்கிரம் சாகும். பிறகு பேனலைக் கழற்றி, லோடைக் கழற்றி, கடைசியாக பேட்டரியை எடுங்கள். சீரிஸ் பண்ணி கண்ட்ரோலருக்கு முதலில் பேட்டரியைக் கொடுங்கள். டிஸ்ப்ளேயில் 24 என்று வந்த பிறகே பேனல். பேனலை முதலில் கொடுத்தால் ஆட்டோவாகக் கண்டுபிடிக்கிற கண்ட்ரோலர் தப்பாகப் புரிந்துகொள்ளும். இரண்டு பேனல் சீரிஸில் லோடு இல்லாமல் 44 வோல்ட் வரை காட்டும். கண்ட்ரோலர் லேபிளில் பிவி மேக்ஸ் (பேனலிலிருந்து தாங்கும் அதிகபட்ச வோல்ட்) 50 வோல்ட்டாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடவேண்டும்.

ஒரு விஷயம் கெஞ்சிக் கேட்கிறேன். 24 ஆக்கிய பிறகு கீழ் (மைனஸ் பக்கத்து) பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ஒரு பல்பு எரிப்பார்கள். அந்த ஒரு பேட்டரி தினமும் குறைவாக சார்ஜ் ஆகி, மற்றது ஓவர் சார்ஜ் ஆகி, ஒரு வருடத்தில் இரண்டுமே போகும். 12 வேண்டுமென்றால் கன்வெர்ட்டர் வழியாக மட்டும்.

நாகர்கோவில்_வயர்மேன்:

ஒயரை அண்ணாச்சி சொல்லிவிட்டார். எனக்குக் கவலை அந்த ஹோல்டர்தான். அது உருகியதற்குக் காரணம் கரண்ட் அதிகமானது இல்லை, காண்டாக்ட் லூஸ். உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கும் மூடியும் ஃபியூஸைச் சரியாகப் பிடிக்காமல் 0.2 ஓம் வந்தால் போதும். 4 ஆம்பியரில் மூன்று வாட்டுக்கு மேல் சூடு, விரல் நுனி அளவு பிளாஸ்டிக்குக்குள். ஃபியூஸுக்குக் கரண்ட் மட்டும்தான் தெரியும், பக்கத்து இணைப்பின் சூடு தெரியாது. அதனால்தான் ஹோல்டர் உருகியும் ஃபியூஸ் முழுதாக இருந்தது. சோதிக்க மல்டிமீட்டரை டிசியில் வைத்து, லோடு ஓடும்போதே ஹோல்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே பாருங்கள். நல்ல இணைப்பில் சில பத்து மில்லிவோல்ட்தான் வரும். அரை வோல்ட் காட்டினால் அங்கேதான் எரிகிறது. இதே மாதிரி ஒவ்வொரு லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்), ஒவ்வொரு டெர்மினலுக்கும் குறுக்கே வைத்துப் பார்த்தால் கால் மணி நேரத்தில் முழு லைனையும் முடித்துவிடலாம்.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. இப்போது ஷெட்டில் ஷார்ட் ஆனால் எவ்வளவு கரண்ட் போகும்? 12 வகுத்தல் 0.8, வெறும் 15 ஆம்பியர். காரில் போடும் தட்டையான பிளேடு ஃபியூஸ்கூட ரேட்டிங்கைவிட 35 சதவீதம் அதிகம் போனாலும் பத்து நிமிடம் வரை தாங்கலாம். உங்கள் 10 ஆம்பியர் ஃபியூஸ் 15 ஆம்பியரில் உடனே போகும் என்று நம்ப முடியாது. அதுவரை ஷார்ட் ஆன இடத்தில் பொறி பறந்துகொண்டிருக்கும், பக்கத்தில் உலர்ந்த ரப்பர் ஷீட். 24 ஆக்கி 5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் போட்டால், அதே ஷார்ட்டில் 30 ஆம்பியர், ஃபியூஸைவிட ஆறு மடங்கு. உடனே போய்விடும். ஃபியூஸ் சைஸ் பார்க்கும்போது லோடை மட்டுமல்ல, கடைசி முனையில் ஷார்ட் ஆனால் எவ்வளவு வரும் என்பதையும் கணக்குப் போடுங்கள்.

ஃபியூஸ் இருக்கவேண்டிய இடம் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். அதற்கு முன்னால் இருக்கிற ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை. கண்ட்ரோலருக்குப் போகிற ஒயருக்குத் தனியாக 30 ஆம்பியர், 6 ஸ்கொயர். 100 ஏஎச் டியூபுலர் ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொடுக்கும். ஸ்பேனர் இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே விழுந்தால் பழுக்கக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், மோதிரத்தின் வழியாகப் போனால் விரல் வெந்துவிடும். மோதிரம், வாட்ச், கழுத்துச் செயின் கழற்றிவிட்டு, ஸ்பேனர் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டு வேலை செய்யுங்கள். பேட்டரி மேல் மூடி இல்லாமல் விடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். திண்ணை திறந்த இடம் என்பதால் பரவாயில்லை, மரப்பெட்டிக்குள் அடைத்தால் பெட்டியின் மேல்பக்கம் துளை வேண்டும்.

ஈரத்தில் ஷாக் அடிக்குமா என்று கேட்டீர்கள். ஈரமான இடத்தில் வெறும் கை பட்டாலும் பரவாயில்லை என்று ஐஇசி (சர்வதேச மின் தர அமைப்பு) விதி வைத்திருக்கிற எல்லை 30 வோல்ட் டிசி. உலர்ந்த இடத்தில் 60. 24 வோல்ட் பேட்டரி சார்ஜில் 28.8 வரை போகும், அந்த எல்லைக்குள் நிற்கிறது. அதனால்தான் உங்களுக்கு 24-ஐ ஒப்புக்கொள்கிறேன். 48 ஆக்கச் சொன்னால் ஈர ஷெட்டுக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் சீரிஸ் பண்ணிய பேனல் ஒயரில் பகலில் 44 வோல்ட் நிற்கும். அதைத் தொடுவதற்கு முன் பேனலைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

குலசேகரம்_தோட்டம்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. சுவிட்ச், சாக்கெட் பற்றி மட்டும் சொல்லுங்கள். போன் சார்ஜர் இப்போது அந்த மூன்று பின் சாக்கெட்டில்தான் இருக்கிறது.

நாகர்கோவில்_வயர்மேன்:

சாக்கெட்டை இன்றைக்கே கழற்றுங்கள். ஒருநாள் வீட்டுக் கரண்ட் லைன் ஷெட்டுக்கு வந்ததும் யாராவது 12 வோல்ட் ஃபேன் பிளக்கை 230-ல் செருகுவார்கள். டிசிக்கு ஆண்டர்சன் அல்லது எக்ஸ்டி60 கனெக்டர், வேறெதிலும் நுழையாதது. கார் லைட்டர் சாக்கெட் வேண்டாம், அது லூஸாகி சூடேறும். ஒயர் நிறமும் கவனம். டிசியில் சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ்; வீட்டு ஒயரிங்கில் கருப்பு நியூட்ரல், சிவப்பு பேஸாகவும் வரும். 230 ஒயரும் டிசி ஒயரும் ஒரே பைப்பில் போகக்கூடாது, இரு முனையிலும் 24 டிசி என்று எழுதி ஒட்டுங்கள்.

சுவிட்ச்: ஏசியில் கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், பொறி தானாக அணையும். டிசியில் பூஜ்யமே கிடையாது. 12 வோல்ட்டில் ஒரு ஆம்பியர் பல்புக்கு உங்கள் சுவிட்ச் ஓடும், அதில் தடையில்லை. மெயினாக வைக்காதீர்கள். மெயினுக்கு பிளஸ், மைனஸ் இரண்டையும் துண்டிக்கும் டபுள் போல் 16 ஆம்பியர் டிசி எம்சிபி (தானாக விழும் பிரேக்கர்), உடம்பில் பிளஸ், மைனஸ் குறி இருந்தால் அதன்படியே. மாற்றிக் கொடுத்தால் பொறியை உள்ளே அணைக்காது, எம்சிபியே எரியும்.

குளச்சல்_போட்_எலக்ட்ரிக்:

ஷெட் என்றால் அமோனியா இருக்கும், அதை யாரும் சொல்லவில்லை. பால் கட்டியாகாமல் இருக்க விடுகிற அமோனியா பித்தளையையும் காப்பரையும் தின்னும், பாலை உறையவைக்கிற ஃபார்மிக் ஆசிட் ஆவி வேறு. ஃபைபர் வள்ளத்தில் உப்பு செய்வதை அங்கே இது செய்யும். ஜங்ஷன் பாக்ஸ் ஐபி65 (தூசியும் தண்ணீர் பீய்ச்சலும் புகாதது), ஒயர் நுழைகிற இறுக்கமான கிளாண்ட் கீழ்ப்பக்கம். டின் பூசிய லக், சரியான கிரிம்ப் டூல், அதன்மேல் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க். டெர்மினலை இறுக்கிய பிறகு வாசலின் பூசுங்கள், இறுக்குவதற்கு முன் அல்ல. சால்டர் மட்டும் வைத்து லக் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை, சால்டர் முடிகிற இடத்தில் அதிர்வுக்கு ஒயர் முறியும்.

பச்சை பிடிக்கிறது என்றால் எப்போதும் பிளஸ் ஒயரைத்தான் முதலில் பாருங்கள். ஈரத்தில் கசிவு இருந்தால் பிளஸ் பக்கத்து காப்பர்தான் கரையும், மைனஸ் அப்படியே நிற்கும். வள்ளத்தின் அடித் தண்ணீரில் பம்பின் பிளஸ் ஜாயின்ட் கிடந்தால் சீக்கிரமே பச்சைத் தூளாகிவிடும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட்டின் பிளஸ்ஸை எர்த் பண்ணி லைனை மைனஸில் வைப்பதும் இதற்காகத்தான். உங்கள் ஷெட்டில் தரையோரம் எந்த ஜாயின்ட்டும் வேண்டாம், எல்லாம் நெஞ்சு உயரத்துக்கு மேல்.

தக்கலை_சோலார்:

சரியான எச்சரிக்கை, நான் விட்டுவிட்டேன். கூடவே ஒன்று: மைனஸை எர்த் பண்ணிவிடலாம் என்று யாராவது சொன்னால் உடனே செய்யாதீர்கள். மலிவான பிடபிள்யூஎம் கண்ட்ரோலர் பல காமன் பாசிட்டிவ் (பிளஸ் எல்லாம் உள்ளே ஒன்றாக இணைந்தது), மைனஸ் பக்கத்தைத்தான் அது ஆன் ஆஃப் செய்யும். பேனல் மைனஸும் பேட்டரி மைனஸும் எர்த் வழியாகச் சேர்ந்தால் கண்ட்ரோலர் சார்ஜை நிறுத்த முடியாது, பேட்டரி தண்ணீர் கொதித்துப் போகும். பேனல் ஃப்ரேமை மட்டும் எர்த் பண்ணுங்கள். மரத்தில் கட்டின 30 மீட்டர் ஒயர் ஐப்பசி இடிக்கு நல்ல ஏரியல். இடி கேட்டால் ஷெட் லைனின் கனெக்டரை இரண்டு முனையிலும் கையால் கழற்றி வைத்துவிடுங்கள், எம்சிபியை இறக்குவது மட்டும் போதாது.