ஏழு வருட வேலை, மூன்று மேன்பவர் பெயர்கள்: சேவைக்காலப் பணத்தை யாரிடம் கேட்பது?

தலவாக்கலை வாசகி:
என் அக்கா தேயிலைப் பொதியிடும் தொழிற்சாலையொன்றில் மேன்பவர் (ஆட்களை வேலைக்கு வழங்கும் நிறுவனம்) ஊடாக ஏழு வருடம் வேலை செய்தார். அதற்குள் மேன்பவரின் பெயர் இரண்டு தடவை மாறியது; இயந்திரமும் மேற்பார்வையாளரும் மாறவில்லை. போன மாதம், இனி வர வேண்டாமென்று வாயால் சொல்லி நிறுத்திவிட்டார்கள். வேலை முடியும்போது சேவை வருடக் கணக்கில் கிடைக்க வேண்டிய சேவைக்காலப் பணத்தைக் கேட்டால் தொழிற்சாலை மேன்பவரிடம் போகச் சொல்கிறது. மேன்பவரோ தன் பெயரில் இரண்டு வருடந்தான் ஆகிறது என்கிறது. நியமனக் கடிதமும் இல்லை.

ஹட்டன், முன்னாள் தொழிற்சங்கப் பணியாளர்:
இலங்கையின் 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம், தானே ஆள் சேர்ப்பவரை மட்டுமல்லாது, எவர் சார்பில் ஆள் சேர்க்கப்படுகிறதோ அவரையும் தொழில்தருநர் என்றே கொள்கிறது. ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்தாலும் போதும். ஆகவே தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபைக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தில் தொழிற்சாலை, மேன்பவர் இரண்டையும் எதிராளிகளாகக் குறிப்பிடுங்கள். வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். பேச்சுவார்த்தை என்று இழுத்தடித்தே அந்த ஆறு மாதத்தைத் தின்றுவிடுவார்கள்.

சேவைக்காலப் பணம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தில் வருகிறது. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால், மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளமும், மற்றவர்களுக்கு பதினான்கு நாள் சம்பளமும் உண்டு. பெயர் ஏன் மாறிக்கொண்டே இருந்தது என்பது அந்த ஐந்து வருடக் கணக்கைப் பார்த்தாலே விளங்கும்.

கண்டி வாசகர்:
மேலே சொன்னது சரி. ஆனால் தொழிற்சாலை தானாகவே மாட்டிக்கொள்ளும் என்று நம்பியிருக்க வேண்டாம். வேலையை ஏவியவர் யார், லீவு கொடுத்தவர் யார், அக்கா செய்தது தொழிற்சாலையின் அன்றாட உற்பத்தி வேலைதானா என்பவற்றை நியாயசபை பார்க்கும். வரவுப் பதிவு, வாயில் அட்டை, மேற்பார்வையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஷிப்ட் அட்டவணை எல்லாவற்றையும் இப்போதே பிரதி எடுத்து வையுங்கள். எல்லாக் கணக்கும் தீர்ந்தது என்று எழுதிய கடிதம் எதிலும் அக்கா கையொப்பமிடக் கூடாது.

பொகவந்தலாவை வாசகர்:
தோட்டத்திலும் இதே கதைதான். செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில்) பெயர் இல்லாமல் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கும் பெண்களிடம், கிலோவுக்குக் காசு வாங்குவதால் ஊழியர் சேமலாப நிதி (ஓய்வுகாலச் சேமிப்பான EPF) கிடையாது என்கிறார்கள். அது தவறு. தற்காலிகமாகவோ, ஒப்பந்தத்திலோ, செய்த அளவுக்கு கூலி வாங்கியோ வேலை செய்பவருக்கும் அந்த நிதி உரியது: தொழிலாளி 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம். தொழில்தருநர் தம் பங்கைச் சம்பளத்தில் வெட்டவும் முடியாது. கட்டாமல் விட்ட மாதங்களுக்கு, தாமதத்தைப் பொறுத்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் விழும்.

தலவாக்கலை வாசகி:
சேமலாப நிதிக் கணக்கில் மூன்று தொழில்தருநர் இலக்கங்கள் இருக்கின்றன. இடையில் ஐந்து மாதம் வெறுமையாகக் கிடக்கிறது. அந்த மாதங்களிலும் அக்கா வேலைக்குப் போனார்.

ஹட்டன், முன்னாள் தொழிற்சங்கப் பணியாளர்:
அந்த ஐந்து மாதத்துக்குத் தொழில் காரியாலயத்தில் தனியாக ஒரு முறைப்பாடு கொடுங்கள். மாதங்களின் பெயரை எழுதி, அக்காலத்து வரவுப் பதிவையும் இணையுங்கள். ஏழு வருடமும் தொடர்ச்சியான வேலைதான் என்று காட்டுவதற்கு நியாயசபையிலும் அதே பதிவு உதவும்.