மண் பிசையும் கைக்கு மரகத மோதிரம் தாங்குமா?

பாதிநிலா கேட்கிறார்:

நிச்சயதார்த்த மோதிரம் ஒன்று செய்யக் கொடுக்க வேண்டும். ஆயத்தமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை வாங்குவதாக இல்லை. அவளுக்குப் பச்சை என்றால் உயிர். வைரத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒருமுறை உதட்டைப் பிதுக்கியதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே மரகதம் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

சிக்கல் அவளுடைய தொழில். மண்பாண்டம் வனைகிறாள். ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது கை ஈரக் களிமண்ணில் இருக்கும். வேலை நேரத்தில் மோதிரத்தைக் கழற்றி வைப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

நான் மனதில் வைத்திருப்பது: ஒன்றரை காரட்டில் செவ்வக மரகதம், நான்கு கொக்கிகளில் உயரமாகத் தூக்கி நிற்க வேண்டும், வளையம் வெள்ளைத் தங்கம். என் அம்மா விட்டுச் சென்ற 22 காரட் வளையல் ஒன்று இருக்கிறது, 6 கிராம். அதை உருக்கியே செய்ய ஆசை. அவள் தூங்கும்போது விரலில் நூல் சுற்றி அளந்தேன், 53 மி.மீ. வந்தது.

இதில் எங்கே தவறு செய்கிறேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்புழுதி:

எனக்குத் தொழில் நுணுக்கம் தெரியாது, பட்டதைச் சொல்கிறேன். என்னிடம் ஒரு மரகத மோதிரம் இருந்தது. அழுக்கு எடுத்துத் தருகிறோம் என்று ஒரு கடையில் வாங்கி, ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும் தொட்டியில் போட்டுவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்த கல்லைப் பார்த்து என்னுடையது தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே வெள்ளை வெள்ளையாக நரம்பு ஓடியிருந்தது. கல்லை உடைத்துவிட்டார்கள் என்று சண்டை போட்டேன். உடையவில்லையாம், முன்பே இருந்த விரிசல்களை மறைத்துக்கொண்டிருந்த எண்ணெய் வெளியேறிவிட்டதாம். மீண்டும் எண்ணெய் ஏற்றிய பிறகு பாதி அழகு திரும்பியது. மரகதத்துக்குள் எண்ணெய் இருக்கும் என்பதையே அன்றுதான் தெரிந்துகொண்டேன். விற்றவர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அரம்பிடித்தகை:

தம்பி, முப்பத்தொரு ஆண்டு கல் பதித்தவன் நான். இப்போது கண் ஒத்துழைக்கவில்லை, அதனால் அறிவுரை மட்டும் பதிக்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். காதில் போடுவது தொங்கும், கழுத்தில் போடுவது படிந்து கிடக்கும், மோதிரம் மட்டும்தான் அடி வாங்கும். கதவுப் பிடி, குழாய், மேசை விளிம்பு எல்லாவற்றையும் அதுதான் முதலில் தொடும். ஆகவே கல்லிலிருந்து தொடங்காதீர்கள், கையிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் சொன்ன கை களிமண் பிசையும் கை. களிமண்ணில் குவார்ட்ஸ் பொடி உண்டு, மணலில் இருக்கும் அதே கனிமம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவுகோலில் அதற்குக் கடினம் 7. மரகதம் 7.5 முதல் 8 வரை. கணக்குப்படி குவார்ட்ஸ் மரகதத்தைக் கீறாதுதான். ஆனால் பட்டைகளின் விளிம்பில் ஆண்டுக்கணக்கில் மண் தேய்த்துக்கொண்டே இருந்தால் கூர்மை மழுங்காமல் போகாது.

கடினம் என்பது கீறலைத் தாங்கும் திறம் மட்டுமே; அடியைத் தாங்குவது வேறு சங்கதி. வைரமே கடினத்தில் 10, ஆனாலும் அதன் பிளவுத் தளத்தில் சரியாக ஒரு தட்டுத் தட்டினால் பிளந்துவிடும். மரகதத்தின் பலவீனம் அதன் உள்விரிசல்கள். பிரெஞ்சுக்காரர்கள் அவற்றைத் தோட்டம் என்று செல்லமாக அழைப்பார்கள். தோட்டம் பார்க்க அழகுதான், ஆனால் தட்டினால் விரிசல் ஓடும் வழியும் அதுவே.

நான் தொழில் கற்ற நான்காம் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2.1 காரட் செவ்வக மரகதம், வாடிக்கையாளர் கொண்டுவந்த கல். மூன்று மூலையில் உலோகத்தை அழுத்தி மடக்கிவிட்டேன். நான்காவதில் தள்ளுகோலை வைத்து அழுத்தினேன். நகம் வெட்டும்போது வருமே, அவ்வளவு சின்னச் சத்தம்தான் கேட்டது. மூலையிலிருந்து நடுவரை ஒரு கோடு ஓடிவிட்டது. ஆசான் கல்லை விட்டுவிட்டுக் கட்டடத்தை, அதாவது கல் உட்காரும் உலோகக் கூட்டைத்தான் உருப்பெருக்கியில் பார்த்தார். "மூலைக்கு இடம் விட்டாயா?" என்று கேட்டார், அவ்வளவுதான். கல் உட்காரும் தடத்தில் மூலைகளுக்கு நேராகத் துரப்பணத்தால் சிறு குழி போட வேண்டும். மூலை உலோகத்தைத் தொடாமல் காற்றில் நிற்க வேண்டும். நான் குழி போடவில்லை. கடைசியில் அந்தக் கல்லை மறுபடி பட்டை தீட்டினோம். 1.6 காரட் மிஞ்சியது. கட்டடத்தையும் புதிதாகச் செய்தோம், என் சம்பளத்தில்.

செவ்வக மரகதங்களின் மூலையை வெட்டி எண்கோணம்போல் ஆக்குவதும் இதே அச்சத்தால்தான். கூரான மூலை உள்ள கல்லை யாராவது காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி உங்கள் வடிவத்துக்கு வருகிறேன். நான்கு கொக்கி, உயரமாக, மண்பாண்டக்காரியின் விரலில்! கொக்கிகளுக்கு அடியில் சேறு புகுந்து காய்ந்து கல்லின் பின்புறத்தை மூடிவிடும். வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வராமல் பச்சை கறுத்துப்போகும். அவள் அதை ஊசியால் சுரண்டுவாள், கொக்கி நெகிழும். வேண்டாம். கொக்கிக்குப் பதில் கல்லைச் சுற்றி உலோகத்தால் முழு விளிம்பு கட்டச் சொல்லுங்கள். கல் முடிந்தவரை விரலோடு தாழ்ந்து உட்காரட்டும். அடிப்புறம் திறந்தே இருக்கட்டும், நீர் விட்டு அலசினால் மண் போய்விடும். முழு விளிம்பில் கல் கொஞ்சம் சிறிதாகத் தெரியும் என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

விளிம்புக்கு மஞ்சள் தங்கம்தான் நல்லது. மாற்று கூடிய பொன் மிருதுவானது. சிறு அழுத்தத்திலேயே கல்லின் மேல் படிந்துவிடும், மரகதத்துக்கு வலிக்காது. வெள்ளைத் தங்கம் முரடு, தள்ளுவதற்குள் நமக்கு வியர்த்துவிடும். அதன் மேல் ரோடியம் என்ற வெண்ணிற உலோகத்தின் முலாம் வேறு பூச வேண்டும். மண்ணில் உழலும் கையில் அது சீக்கிரம் தேய்ந்து, அடியில் உள்ள மங்கிய மஞ்சள் எட்டிப் பார்க்கும். நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கமாக இருந்தால் சிலருக்குத் தோல் அரிக்கும். வெள்ளை உலோகம்தான் வேண்டுமென்றால் 950 பிளாட்டினம் (ஆயிரத்தில் 950 பங்கு பிளாட்டினம்) போங்கள். கீறல் விழுந்தாலும் உலோகம் ஓரத்துக்கு ஒதுங்குமே தவிர எளிதில் தேய்ந்து குறையாது. 18 காரட் தங்கத்தில் செய்த அதே மோதிரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கனக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் உங்களிடம் அம்மாவின் வளையல் இருக்கிறதே! பல்லேடியம் என்ற வெள்ளை உலோகம் சேர்த்து அதை வெளுக்க வைக்க முடியும். ஏன் வெளுக்க வைக்க வேண்டும்? அந்த நிறத்தில்தானே அம்மாவின் கையில் பார்த்தீர்கள்?

கணக்கு இதுதான். 6 கிராம் 22 காரட்டில் பசும்பொன் 5.5 கிராம். வெள்ளியும் செம்பும் 1.33 கிராம் சேர்த்து 18 காரட்டாக்கினால் 7.33 கிராம் கிடைக்கும். வளையத்துக்கும் விளிம்புக்கும் அது தாராளம்; அராவும்போதும் அறுக்கும்போதும் விழும் தூள் போக மிஞ்சும். வளையம் 18 காரட்டாக இருந்தால் நெளியாது. கல் கட்டும் விளிம்புக்கு மட்டும் 22 காரட்டிலேயே ஒரு சிறு பட்டை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

உருக்கும் முன் வளையலை நல்ல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எப்போதாவது யாராவது ஈயப் பற்று வைத்துப் பழுது பார்த்திருந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி தெரியும். துளி ஈயம் கலந்தாலும் பொன் தகடாக நீளாது, பிஸ்கட்போல் விரிசல் விடும். நான் ஒருமுறை கட்டி முழுவதையும் மறுபடி சுத்திகரிப்புக்கு அனுப்பியிருக்கிறேன்.

நூல் அளவை மறந்துவிடுங்கள். நூல் இழுபடும், விரலின் கணுவைக் கணக்கில் எடுக்காது, தூங்கும் விரல் வேறு, வேலை செய்யும் விரல் வேறு. குளிர்ந்த நீரில் ஊறினால் விரல் சுருங்கும். வெயிலில், மாலையில், வீங்கும். அதே விரலில் அவள் போடும் வேறு மோதிரத்தின் உள்விட்டத்தை அளந்து வாருங்கள். 53 மி.மீ. சுற்றளவு என்றால் உள்விட்டம் 16.9 மி.மீ. வர வேண்டும். வளையம் 6 மி.மீ.க்கு மேல் அகலமானால் மோதிர அளவு எண்ணில் அரை எண் கூட்ட வேண்டும்.

இன்னொன்று. வேலை நேரத்தில் கழற்றி வைப்பாள் என்கிறீர்கள். கழற்றத்தான் வேண்டும், சுழலும் சக்கரத்தில் மோதிரக் கை ஆபத்து. ஆனால் கழற்றிய மோதிரம் எங்கே போகும்? சேற்று வாளியின் விளிம்பில் வைப்பாள். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சங்கிலியும் சேர்த்துக் கொடுங்கள்.

கல்நோக்கி:

பெரியவர் சொன்னதில் கல் கட்டுவது பற்றி எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கல்லைத் தேர்வதில் மட்டும் கொஞ்சம் குறுக்கிடுகிறேன். ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன்.

பச்சை என்றாலே மரகதம் என்று நின்றுவிடாதீர்கள். சாவோரைட் பார்த்திருக்கிறீர்களா? கார்னெட் குடும்பம். கென்யாவின் சாவோ பூங்காவை வைத்து 1974இல் பெயர் சூட்டினார்கள். எண்ணெய் ஏற்றும் வழக்கம் அதற்குப் பொதுவாகக் கிடையாது, உள்ளே பெரும்பாலும் தெளிவாக இருக்கும், நிறம் நல்ல மரகதத்தோடு போட்டி போடும். கடினம் 7 முதல் 7.5 வரை என்பதால் களிமண்ணிடம் மரகதத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தேயும், மறைக்கவில்லை. இரண்டு காரட்டுக்கு மேல் நல்ல கல் அரிது. உங்களுக்குத் தேவை ஒன்றரை என்பதால் தேடலாம்.

மண்ணைப் பற்றிக் கவலையே இல்லாமல் இருக்க வேண்டுமென்றால் பச்சை நிறச் சபையர். நீலக்கல்லின் உடன்பிறப்பு, கடினம் 9. ஆனால் அந்தப் பச்சை இரும்புச் சத்தால் வருவது. ஆலிவ் பக்கமோ நீலப் பக்கமோ சாயும். மரகதத்தின் பச்சையை அதில் எதிர்பார்த்தால் ஏமாற்றமே.

மரகதமேதான் வேண்டுமென்றால் ஆய்வகத்தில் வளர்த்ததையும் யோசியுங்கள். 1930களிலேயே அமெரிக்க வேதியியலாளர் கரோல் சாத்தம் வளர்த்துக் காட்டிவிட்டார். இயற்கை மரகதத்தில் உள்ள அதே பெரில் கனிமம், அதே குரோமியம் தரும் பச்சை. விரிசல் குறைவு, எண்ணெய்த் தொல்லை பெரும்பாலும் இல்லை.

எதை வாங்கினாலும் காரட்டை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள், மி.மீ. அளவைக் கேளுங்கள். மரகதம் எடை குறைந்த கல், சபையர் கனத்த கல். ஒரே ஒன்றரை காரட்டில் மரகதம் பெரிதாகத் தெரியும். கல் பதிக்கும் முன் அறிக்கை வாங்குங்கள். அதில் எண்ணெய் எவ்வளவு, சிறிதா மிதமா அதிகமா என்று எழுதியிருப்பார்கள். "அதிகம்" என்றிருந்தால் இந்தக் கைக்கு அது ஆகாது.

அரம்பிடித்தகை:

ஆய்வகக் கல்லில் எனக்குப் பகை இல்லை. அமைதியாக உட்காரும், வேலை சுளுவு. ஆனால் அவளிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். சொல்லாமல் கொடுத்த கல் பிறகு எங்கோ ஒரு பரிசோதனை மேசையில் தானே சொல்லிவிடும்.

சாவோரைட்டைத் தீயருகே கொண்டுபோகாதீர்கள், மரகதத்தையும்தான். பின்னாளில் மோதிரத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ நேர்ந்தால் கல்லைக் கழற்றிய பிறகே பற்றவைக்க வேண்டும். செய்பவர் "ஈரத் துணி சுற்றிக்கொள்கிறேன்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

பாதிநிலா:

எல்லோருக்கும் நன்றி. நூலைத் தூக்கி எறிந்துவிட்டேன். அவள் அதே விரலில் போடும் வெள்ளி மோதிரம் ஒன்று குளியலறையில் கிடந்தது, உள்விட்டம் 17.3 மி.மீ. நூலை நம்பியிருந்தால் மோதிரம் கணுவிலேயே நின்றிருக்கும்.

கல் விஷயத்தில் ரகசியத்தைக் கைவிட்டேன். அறிக்கை, எண்ணெய், குவார்ட்ஸ் எல்லாவற்றையும் அவளிடமே சொன்னேன். கல்நோக்கி சொன்ன மூன்றின் படங்களையும் காட்டினேன். சபையரை ஒரு நொடி பார்த்தாள். "இது என் மெருகுக் குழம்பின் நிறம், இதைத்தான் தினமும் பார்க்கிறேன்" என்று தள்ளிவிட்டாள். சாவோரைட் எடுக்கிறோம், முழு விளிம்பில், மஞ்சள் தங்கத்தில். கல்லின் பட்டைகள் தேய்ந்தால் மறுபடி தீட்டிக்கொள்ளலாம் என்கிறாள். உடைந்த பானைகளோடு வாழ்பவளுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

வளையலை வெளிச்சத்தில் பார்த்தேன். கொக்கி மாட்டும் இடத்துக்கு அருகே, அரிசியளவு, சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி இருக்கிறது. நகத்தால் கீறினால் தடம் விழுகிறது. இதுதானா?

அரம்பிடித்தகை:

அதேதான். அந்த இடத்தை இருபுறமும் இரண்டு மி.மீ. கூடுதலாகச் சேர்த்து வாள்கம்பியால் அறுத்து எடுக்கச் சொல்லுங்கள். அறுக்கும் தூளைத் தனித் தாளில் பிடித்துத் தள்ளி வைக்கட்டும், மற்றப் பொன்னோடு கலக்க வேண்டாம். எடையில் அரை கிராம் போகும். அப்போதும் மோதிரத்துக்குப் போதும்.