பாப்பாவுக்குப் பெயர்: மேலவீதி வீட்டார் குழு

கவிதா: பெயர் முடிவாகிவிட்டது. ஆதிரை. ஞாயிற்றுக்கிழமை தொட்டிலில் போடும்போது சொல்லப்போகிறோம்.

செந்தில் அண்ணன்: நல்லவேளை. நம் யாழினியின் வகுப்பில் மொத்தம் மூன்று யாழினி. முன்னெழுத்தைச் சேர்த்துத்தான் மிஸ் கூப்பிடுகிறார்.

ராஜம் சித்தி: குழந்தை பிறந்தது உத்திரத்தில். ஜோசியர் டே, டோ, ப, பி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். உத்திரத்துக்காரிக்குத் திருவாதிரையின் பெயரா?

கவிதா: டே-யில் ஒரு பெயர் சொல்லுங்கள் சித்தி, உடனே வைத்துவிடுகிறேன்.

ராஜம் சித்தி: ப இருக்கிறதே! பத்மா, பவித்ரா.

குமார் மாமா: பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "களி" என்று கூப்பிடப்போகிறார்கள், பாருங்கள்.

அப்பா: மணிமேகலையின் 16ஆம் காதையே "ஆதிரை பிச்சையிட்ட காதை". அமுதசுரபி கையில் கிடைத்ததும் மணிமேகலை முதல் பிச்சைக்குப் போய் நின்றது அவள் வீட்டில்தான்.

ராஜம் சித்தி: நானும் படித்திருக்கிறேன் அத்தான். புருஷன் சாதுவன் கணிகையிடமும் சூதிலும் பொருளைத் தொலைத்துவிட்டுக் கப்பலேறினான். அவன் இறந்துவிட்டதாகக் கேட்டு இவள் தீயில் இறங்கினாள். பெண்குழந்தைக்கு இதுவா கதை?

கவிதா: அந்தப் பகுதி எனக்கும் உவப்பில்லை சித்தி. தீ அவளைச் சுடவில்லை, அவனும் உயிரோடு திரும்பினான் என்பதெல்லாம் இருக்கட்டும். "பாரகம் அடங்கலும் பசிப்பிணி அறுக" என்று சொல்லித்தான் அவள் சோறிடுகிறாள். தன் வீட்டுக்கு எதுவும் கேட்கவில்லை. எனக்கு அந்த ஒரு வரி போதும்.

அப்பா: 👏

செந்தில் அண்ணன்: நட்சத்திரமும் லேசுப்பட்டதில்லை. மார்கழி இரவில் கிழக்கே சிவப்பாகத் தெரியும். பீட்டல்ஜூஸ் என்பது அதுதான். 2019 கடைசியில் மங்கிப்போய், வெடிக்கப்போகிறதோ என்று உலகமே அண்ணாந்து பார்த்தது. அது கக்கிய தூசியே அதை மறைத்திருந்ததாம். சில மாதங்களில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது.

குமார் மாமா: கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்ட பெண் மாதிரி. பொருத்தமான பெயர்தான் 😄

ராஜம் சித்தி: சம்பந்தி என்ன சொல்கிறார்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

முரளி: அம்மாவுக்குச் சம்மதம். எங்கள் ஊர் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கம் அல்லவா, ராஜேந்திர சோழனுக்கு ஆடித் திருவாதிரை விழா எடுக்கிற மண். "ராஜா நட்சத்திரம், தாராளமாக வை" என்றார்.

ராஜம் சித்தி: சரி. காதில் மட்டும் பார்வதி என்று மூன்று முறை சொல்லிவிடுங்கள். ஜோசியருக்கும் ஆயிற்று.

கவிதா: சம்மதம் சித்தி ❤️

முரளி: பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க ஒரு வருடம் வரை கட்டணம் கிடையாது. ஆனால் ஆங்கில எழுத்தை இப்போதே முடிவு செய்துவிடலாம். தொடக்கத்தில் ஒரு ஏ-யா, இரண்டு ஏ-யா?

ராஜம் சித்தி: இரண்டு போடுங்கள். ஒன்று போட்டால் அதிரை என்று வாசித்துவிட்டு, அதிராம்பட்டினமா என்று கேட்பார்கள்.