நைந்த சட்டை, நைந்த மனம்: எங்கே எது பொருந்தும்?

கேள்வி:
கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘நைந்த’, ‘கிழிந்த’ இரண்டையும் ஒரே பொருளில் எழுதலாமா? மனத்துக்கும் ‘நைந்த’ என்று போடுகிறார்களே, அது எப்படி?

பதில்:
இரண்டும் வேறு வேறு. தையல் கடை வைத்திருக்கிறேன், தினமும் பார்ப்பதுதான். ஆணியில் மாட்டினால் துணி கிழியும். நைவதற்கு நாள் பிடிக்கும். சட்டையில் முதலில் நைவது காலர் மடிப்பு. வேட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள், நைந்த இடம் சல்லடை மாதிரி தெரியும். கிழிசலைத் தைத்துவிடலாம். நைந்ததில் ஊசி போட்டால் தையல் ஓரமாகவே விட்டுப்போகும். அடியில் வேறு துணி வைத்துத்தான் ஒட்டுப்போட வேண்டும்.

மனசுக்கும் அதே கணக்குதான். திடீரென்று வந்த துக்கம் என்றால் ‘உடைந்துபோனாள்’ என்று எழுதுங்கள். வருஷக்கணக்கில் கடனோடும் நோயோடும் மல்லுக்கட்டியவளுக்குத்தான் ‘நைந்துபோனாள்’ பொருந்தும்.

இன்னொருவர்:
தையல்கார அண்ணன் சொல்வது சரி. ஆனால் ஆழ்வார் பாசுரங்களில் நைவது சலிப்பால் அல்ல, அன்பால் உருகி. ‘நையப் புடைத்தான்’ என்பதும் இதே வினைதான். அங்கே மெதுவாக என்ற பேச்சே இல்லை.

கேட்டவர்:
நன்றி அண்ணா. அப்போ ‘கந்தல்’?

பதில்:
நைந்து, கிழிந்து, கடைசியில் கந்தல். மானம் கந்தலாகும், குடும்ப மரியாதை கந்தலாகும். மனசைக் கந்தல் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.